நேற்றைய தண்ணீர்

ஸலைன் பாட்டில்கள் இப்போது பெட்டி பெட்டியாக லாரியில் வந்து இறங்குகின்றன. முத்திரை வைத்த மூடி, அச்சடித்த சீட்டு, ஒன்றுகூட உடையாதபடி சுற்றிலும் வைக்கோல். போன மாதம் கண்ணைக் காட்டிக்கொண்டு வரலாம் என்று நான் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மருந்துக் கிடங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று, "கடை உப்பைக் காய்ச்சி ஸலைன் பண்ணினது நீங்கதானா சார்?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எப்படிச் செய்தீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டாள். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவளுடைய இரண்டாவது கேள்விக்குப் பதில், ஆனது என்பதுதான். அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நான் திருச்சி பாலக்கரைக்காரன். பெயர் இப்ராஹிம். அத்தாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து, பள்ளிப் படிப்பு முடிந்ததும் கம்பவுண்டர் படிப்பில் சேர்த்துவிட்டார். இரண்டு வருஷம் மாத்திரை உருட்டினேன், களிம்பு அரைத்தேன், தராசு துடைத்தேன். தேறியதும் சுகாதாரப் பகுதியில் எடுத்துக்கொண்டார்கள். மருந்து கலக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனவனிடம் ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டையைக் கொடுத்து, ஸ்ரீரங்கத்துக் கிணறுகளுக்குப் போடச் சொன்னார்கள்.

அது இருபதுகளின் கடைசி. திருவிழாக் கூட்டம் சேரும் சமயம் வாந்திபேதியும் கூடவே வரும். நான் தெருவில் நின்று பவுடரைக் கரைத்துக் கொடுப்பேன். கூட வரும் சுகாதார மேஸ்திரி வீட்டுக்குள் போய்க் கிணற்றில் ஊற்றிவிட்டு வருவார். ஒரு வீட்டு அம்மாள் அவரை உள்ளே விடவில்லை. பித்தளைச் செம்பில் தண்ணீர் எடுத்துவந்து வெயிலில் காட்டி, தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளியவைத்த ஜலம், அடியில் கிடக்கும் பூவேலை தெரிகிறது, இதில் என்ன அழுக்கைக் கண்டீர்கள் என்று கேட்டார். செம்பின் அடியிலிருந்த பூ எனக்கும் தெரிந்தது. அதே தெருவில் அந்த வாரம் மூன்று வீடுகளில் நோய் கண்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து அவருக்கு விளங்கும்படி சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

தண்ணீரைத் தெளிய வைப்பது ஒரு வேலை, கிருமியைக் கொல்வது இன்னொரு வேலை, அதில் கரைந்து கிடப்பதைப் பிரித்தெடுப்பது மூன்றாவது வேலை. தேற்றாங்கொட்டையும் படிகாரமும் மண்ணைக் கீழே இறக்கும். கொதியும் பிளீச்சிங் பவுடரும் கிருமியைத் தீர்க்கும். கரைந்த உப்பையும் சுண்ணாம்பையும் இவை எதுவும் அசைக்காது. அதற்குத் தண்ணீரை ஆவியாக்கி, குளிரவைத்து, சொட்டுச் சொட்டாகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கும் பாத்திரத்தை வாலை என்போம். இந்த மூன்று வேலையும் வேறு வேறு என்பது எனக்கு உறைக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. உறைக்க வைத்தவர் டாக்டர் எஸ்தர்.

யுத்தம் வந்ததும் ஆண் டாக்டர்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக எஸ்தரம்மாவைப் போட்டார்கள். நான் அங்கே கம்பவுண்டர். ஒல்லியான உடம்பு, வெள்ளைக் கைத்தறிச் சேலை, தோளில் ஊசி போட்டு மாட்டிய கடிகாரம். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் நடந்துகொண்டேதான் சொல்வார். ஏதாவது தவறு நடந்திருந்தால் மட்டும் மருந்தறையில் கிடக்கும் மர ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டால் வார்டில் நர்ஸ்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அவர் வந்த முதல் வாரம், வாலையில் பிடித்த தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "எப்படித் தெரியும்?" என்றார். பார்த்தால் தெரிகிறதே என்றேன். அவர் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு, கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். உப்பு துளி இருந்தாலும் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். வெளுக்கவில்லை. "இப்ப தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டில் சீட்டிலும் அவர் கையெழுத்து விழுந்த பிறகுதான் வார்டுக்குப் போகும்.

வாந்திபேதி கண்டவர்கள் நோயால் சாவதைவிட, உடம்பிலிருக்கும் தண்ணீரும் உப்பும் வற்றிப்போய்ச் சாவதுதான் அதிகம். போனதைத் திருப்பி நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். ஒரு பைண்ட் சுத்தத் தண்ணீருக்கு நூற்றிருபது கிரெயின் சுத்த உப்பு. அந்த உப்பு சீமையிலிருந்து குப்பியில் வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றதும் குப்பியும் நின்றது. அந்த வருஷம் காவிரியில் வெள்ளம் வடிந்த கையோடு நோய் பரவ ஆரம்பித்தபோது, எங்களிடம் இருந்த உப்பு ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது.

"கடையில உப்பு இருக்கு. ஆத்துல தண்ணி இருக்கு. நமக்கு வேண்டியது அது ரெண்டும்தான்," என்றார் எஸ்தரம்மா, வராந்தாவில் நடந்தபடியே. "நடுவுல இருக்கிற அழுக்கை எடுத்துட்டாப் போதும், இப்ராஹிம்."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. கடை உப்பு சாம்பல் நிறத்தில், மண்ணும் கசப்பும் கலந்து, மழைக்காலத்தில் சாக்கோடு கசிந்துகொண்டிருக்கும். புத்தகத்தில், சூடான தண்ணீரில் கொண்டமட்டும் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்தால் சுத்தமான படிகம் இறங்கும் என்று போட்டிருந்தது. படிகாரத்தில் செய்து பார்த்தேன். மறுநாள் காலையில் பாத்திரத்தின் அடியில் பட்டை தீட்டியதுபோல் கட்டிகள் கிடந்தன. அதே தைரியத்தில் உப்பைச் செய்தேன். மறுநாள் அடியில் ஒரு சிட்டிகை கிடந்தது, அவ்வளவுதான். மூன்று தடவை செய்தும் அதே சிட்டிகை.

பிறகுதான் விஷயம் பிடிபட்டது. படிகாரமும் வெடியுப்பும் சூட்டில் நிறையக் கரையும், ஆறினால் வெளியே வந்துவிடும். சாப்பாட்டு உப்புக்கு அந்தக் குணம் இல்லை. கொதிநீரும் குளிர்ந்த நீரும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதை வெளியே வரவழைக்க வேண்டுமானால் தண்ணீரைத்தான் குறைக்க வேண்டும். சரி என்று எனாமல் தட்டில் ஊற்றி, முழுக்க வற்றும்வரை காய்ச்சினேன். போட்ட உப்பு அத்தனையும் வெள்ளை வெளேரென்று திரும்பக் கிடைத்தது. பெருமையாக எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

எஸ்தரம்மா அதில் கொஞ்சம் ஒரு சாஸரில் போட்டு ஜன்னலோரம் வைக்கச் சொன்னார். மதியத்துக்குள் நீர் கோத்துக்கொண்டது. மீதியைக் கரைத்து, சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்கும் மருந்தை ஒரு சொட்டு விட்டார். கலங்கியது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"நீங்க தண்ணியை மட்டும்தான் வெளியேத்தியிருக்கீங்க. அழுக்கு அப்படியே இருக்கு," என்றார். "எதை எடுத்துக்கப் போறோம்ங்கிறது இருக்கட்டும். எதை விடப் போறோம்னு முடிவு பண்ணுங்க."

அன்று முழுக்க அடுப்பு முன்னால் நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமா பெரிய கடைவீதிப் பக்கம் கற்கண்டு காய்ச்சுகிறவர். பாகு என்ன கறுப்பாக இருந்தாலும் நூலில் பிடிக்கும் கல் வெளுப்பாகத்தான் இருக்கும், கறுப்பெல்லாம் மிச்சப் பாகில் தங்கிவிடும், அந்தப் பாகை அவர் வேறாக எடுத்துவிடுவார். உப்பிலும் அப்படித்தான் நடந்தது. கரைசல் சுண்டச் சுண்ட முதலில் அடியில் ஒரு வெள்ளை ஏடு ஒட்டியது. அது சுண்ணாம்புச் சத்து. அதை அப்படியே விட்டுவிட்டு மேல் தண்ணீரை வேறு தட்டுக்கு மாற்றினேன். தீயைக் குறைத்ததும் மேலே சின்னச் சின்னச் சதுரங்கள் மிதந்தன. நடுவில் குழிந்த, தோணி மாதிரியான சதுரங்கள். கனம் கூடியதும் ஒவ்வொன்றாக மூழ்கின. அவற்றைப் பீங்கான் கரண்டியால் அரித்து எடுத்தேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிச்சம் இருக்கும்போது நிறுத்தினேன். அந்தக் கடைசித் தண்ணீர் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. நாக்கில் வைத்தால் கசப்பு. அதிலும் நிறைய உப்பு உண்டு. கீழே கொட்ட மனசு வரவில்லை. கொட்டினேன்.

எடுத்த உப்பைத் திரும்பக் கரைத்து, அதே முறையில் இன்னொரு தரம். அலசுவதற்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்பதால், ஏற்கெனவே சுத்தமான உப்பைக் கொண்டமட்டும் கரைத்த நீரில் அலசினேன். கடைசியில் போட்டதில் பாதிகூடத் தேறவில்லை. ஆனால் ஜன்னலோரம் சாஸரில் வைத்தது மூன்று நாளும் பொலபொலவென்றே இருந்தது. எந்த மருந்துச் சொட்டுக்கும் கலங்கவில்லை. எஸ்தரம்மா நடந்தபடியே பார்த்துவிட்டு, நடந்தபடியே தலையசைத்தார்.

அந்த உப்பில் கலந்த பாட்டில்கள் இரண்டு வாரம் நன்றாக ஓடின. கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள். நான் தலை நிமிர்ந்து நடந்த நாட்கள் அவை. தவறு அந்தச் சமயத்தில்தான் நடந்தது.

ஒருநாள் காலை, கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்யும் சம்பத் ஐயங்கார் தம் மனைவி கோமளத்தம்மாளை ஜட்காவில் கொண்டுவந்தார். அந்த அம்மாளுக்குக் கண் குழிந்து, குரல் அடங்கி, விரல் தோல் நாளெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல் சுருங்கியிருந்தது. மணிக்கட்டில் நாடி இல்லை. உடனே நரம்பில் ஏற்ற வேண்டும் என்றார் எஸ்தரம்மா. ஐயங்கார் பாட்டிலைப் பார்த்து, இதை யார் செய்தது என்று கேட்டார். அவர் எதற்குக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். நான்தான் என்று சொல்லி என் பெயரையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏத்துங்கோ," என்றார்.

பாதி பாட்டில் இறங்குவதற்குள் நாடி தட்டியது. பாட்டில் முடிந்தபோது கண் திறந்து குடிக்கத் தீர்த்தம் கேட்டார். இது நாங்கள் பலமுறை பார்த்ததுதான். பார்க்காத ஒன்று அரைமணி கழித்து வந்தது. உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. பல் கிட்டியது, கட்டில் கடகடவென்று ஆடியது. தொட்டால் நெருப்பாகச் சுட்டது. கம்பளி போர்த்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிசையில் ஒருவருக்கு அதே நடுக்கம். அப்புறம் இன்னொருவர். மதியத்துக்குள் ஐந்து பேர். ஐந்தாமவர் ஜீயபுரத்திலிருந்து வந்திருந்த வாழைத்தோட்டக்காரர் சின்னையா, வயதானவர். நடுக்கம் நின்ற கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சும் நின்றுவிட்டது.

எஸ்தரம்மா காலையில் கலந்த பாட்டில் அத்தனையையும் வார்டிலிருந்து எடுக்கச் சொன்னார். கோமளத்தம்மாளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஏற்றியது மறுபடி வற்றிக்கொண்டிருந்தது. இன்னொரு பாட்டில் இல்லாவிட்டால் மாலை வரை தாங்காது. ஐயங்கார் கட்டிலை மறித்துக்கொண்டு நின்று, இனி ஒரு சொட்டும் ஏற்ற வேண்டாம் என்றார். அவரை யார் குறை சொல்ல முடியும்?

மருந்தறையில் ஸ்டூல் இழுபட்டது. உப்பில்தான் கோளாறு என்று நினைத்தேன். கசப்புத் தண்ணீரைக் கொட்டாமல் விட்டேனோ, ஒரு தரம்தான் எடுத்தேனோ என்று எனக்கே சந்தேகம். உப்பைச் சோதித்தோம், கலங்கவில்லை. பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சோதித்தோம், இருக்க வேண்டியதற்கு மேல் ஒன்றும் இல்லை. வாலைத் தண்ணீரும் தெளிவு.

"எல்லாச் சோதனையும் சரின்னு சொல்லுது. ஆளுங்க நடுங்கறாங்க," என்றார் எஸ்தரம்மா. "நாம கேக்கத் தெரியாத கேள்வி ஒண்ணு இருக்கு."

ஐயங்கார் வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. முதன்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"அந்த ஜலம் எப்போ பிடிச்சது?"

"நேத்து சாயந்திரம், சாமி."

"நேத்தைய ஜலமா?" அதில் ஏளனம் இல்லை. விளங்காமல் கேட்ட மாதிரி இருந்தது. "பெருமாளுக்குத் தளிகை பண்ண நாங்க நேத்தைய ஜலத்தைத் தொடமாட்டோம். பானைகூட அன்னன்னிக்குப் புதுசுதான் எடுப்போம்."

இது காய்ச்சி ஆவியாக்கிப் பிடித்த தண்ணீர், மூடி வைத்தது, இன்றைக்கும் அரைமணி கொதிக்க வைத்துத்தான் கலந்தேன், இதில் பழசு புதுசு என்பது கிடையாது என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதியில் என் வாய் நின்றுவிட்டது. எப்படித் தெரியும் என்று எஸ்தரம்மா கேட்கவில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

என் வேலை நோட்டை எடுத்தேன். முந்தின நாள் மாலை மழை வரும் போலிருந்தது. விறகு நனைந்துவிடும் என்று, கூடுதலாகத் தண்ணீர் பிடித்துப் பெரிய கண்ணாடி ஜாடியில் துணி கட்டி வைத்திருந்தேன். இதற்கு முன்னால் அப்படி வைத்ததில்லை. காலையில் முதல் ஆறு பாட்டிலை அதில் கலந்தேன். ஏழாவது பாட்டிலிலிருந்து அன்று பிடித்த தண்ணீர். உப்பு எல்லாவற்றிலும் ஒன்றே. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் எஸ்தரம்மாவும் கட்டில் கட்டிலாகப் போனோம். நடுங்கிய ஐந்து பேருக்கும் ஏறியது முதல் ஆறு பாட்டிலில் உள்ளது. ஏழுக்கு மேல் ஏறியவர்களில் ஒருவருக்கும் நடுக்கம் இல்லை; ஆனால் அந்தப் பாட்டில்கள் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன.

எஸ்தரம்மா வார்டு நடுவிலேயே நின்றுவிட்டார். ஒரு வைத்தியப் பத்திரிகையில் இதைப் படித்திருப்பதாகவும், இதுவரை ஞாபகம் வரவில்லை என்றும் சொன்னார். வாலைத் தண்ணீரே ஆனாலும் வைத்திருந்தால் காற்றிலிருந்து கிருமி விழுந்து பெருகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அது தண்ணீரில் விட்டுவிட்டுப்போனது கொதியில் அழியாது, கண்ணுக்கும் தெரியாது, எங்களிடம் இருந்த எந்த மருந்துச் சொட்டுக்கும் பிடிபடாது. நரம்பில் ஏறினால் மட்டும் உடம்புக்குத் தெரிந்துவிடும்.

ஐயங்காரிடம் போனேன். என்ன சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை.

"சாமி, தப்பு என்னுது. நேத்து பிடிச்ச தண்ணியை இன்னிக்கிக் கலந்துட்டேன். உங்க வீட்டம்மா நடுங்கினது அதனாலதான். இப்ப புதுசாப் பிடிக்கிறேன். நீங்க பக்கத்துலயே இருந்து பாருங்க. பார்த்த பிறகும் மனசு ஒப்பலைன்னா வேணாம்னு சொல்லிடுங்க."

அவர் வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அடுப்பை நான் பார்த்துக்கறேன்," என்றார் பிறகு.

வாலையைத் தேய்த்துக் கழுவினேன். குழாய், பாட்டில், ரப்பர் எல்லாவற்றையும் புதிதாகக் கொதிக்க வைத்தேன். ஐயங்கார் மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி அடுப்பின் முன்னால் குந்தினார். நான் அவசரத்தில் விறகை உள்ளே தள்ளியபோது இரண்டு கட்டையை வெளியே இழுத்துப் போட்டார். "ரொம்பத் தள்ளறீர். பொங்கி மேலே வந்தா ஆவியோட அடியில கிடக்கறதும் சேர்ந்து போயிடும்," என்றார். நூற்றுக்கு நூறு சரி. ஆத்திரப்பட்டு எரித்தால் கொதிநீரே தெறித்துக் குழாய்க்குள் போய்விடும், அப்புறம் வாலை வைத்தும் பயனில்லை. பெரிய பெரிய தவலைகளில் சமைத்த கை. அவர் வைத்த தீயில் தண்ணீர் ஒரே சீராகக் கொதித்தது. முதலில் வந்த சொட்டுகளைக் கொட்டிவிட்டு நடுவில் வருவதைப் பிடித்தேன். பாத்திரத்தில் கால்பங்கு மிச்சம் இருக்கும்போது நிறுத்தினேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எஸ்தரம்மா இடையில் நாலு தடவை வந்து, ஒன்றும் கேட்காமல் வார்டுக்குத் திரும்பிப் போனார்.

உப்புக் கலந்து கொதிக்க வைத்து ஆறிய பாட்டில் ஏறியது; இந்தத் தடவை ஐயங்கார் மறிக்கவில்லை. நாடி மறுபடி வந்தது. இனி அந்த அரைமணி. ஐயங்கார் கட்டிலின் கால்மாட்டில் நின்று உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று என் துஆவை ஓதினேன். எஸ்தரம்மா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார், நடக்கவில்லை. அரைமணி போனது. முக்கால் மணி போனது. அந்த அம்மாள் தூங்கிவிட்டார், அசையாமல், நடுங்காமல்.

மூன்றாவது பாட்டிலுக்குப் பிறகு, வெயில் சாயும் நேரத்தில், நர்ஸ் வந்து சிறுநீர் பிரிந்துவிட்டது என்று சொன்னாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஏற்றிய தண்ணீர் உடம்பில் தங்கிவிட்டது என்று அர்த்தம்; எங்கள் வேலையில் அதைவிட நல்ல செய்தி கிடையாது. எஸ்தரம்மா அப்போதுதான் உட்கார்ந்தார். அவர் தவறுக்காக அல்லாமல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நடுங்கிய மற்ற மூவரும் அந்த வாரத்திலேயே எழுந்துவிட்டார்கள்.

சின்னையாவின் மகனிடம் சொல்ல எஸ்தரம்மாவுடன் நானும் போனேன். அவர் தனியாகப் போகிறேன் என்றார், நான் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னோம். அந்த மனிதர் முழுக்கக் கேட்டுவிட்டு, மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டார். பிழைப்பார்கள் என்றதும் தலையசைத்துவிட்டு அப்பாவைக் கொண்டுபோக வண்டி பார்க்கப் போனார். சின்னையா நோயில் போனாரா, என் ஜாடித் தண்ணீரில் போனாரா என்று திரும்பி வரும் வழியில் கேட்டேன்.

"தெரியாது இப்ராஹிம்," என்றார் எஸ்தரம்மா. "நம்மாலதான்னு முடிவு கட்டி அழுதுக்கிட்டே இருக்க வேணாம். நம்மாலே இல்லைன்னு சொல்லி நிம்மதியாவும் இருக்க வேணாம். தெரியாதுன்னே வெச்சுக்குங்க. வெச்சுக்கிட்டு வேலையைப் பாருங்க."

இன்றுவரை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

விசாரிக்க மேலதிகாரி ஒருவர் வந்தார். நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தேன். அதற்கு முன்பே எஸ்தரம்மா தம் அறிக்கையைக் கொடுத்திருந்தார். தவறு தயாரிப்பில் நேர்ந்தது, பொறுப்பு தம்முடையது என்று அதில் எழுதியிருந்தார். இது நியாயமில்லை, ஜாடியில் பிடித்து வைத்தது நான் என்று சொன்னேன்.

"உங்க தப்பை நீங்க ஐயங்கார்கிட்ட முகத்துக்கு நேரே சொல்லிட்டீங்க," என்றார். "தண்ணி எந்த நேரம் பிடிச்சதுன்னு சீட்டுல எழுதச் சொல்லாதது நான். அதைப் பார்க்காம கையெழுத்துப் போட்டதும் நான். என் தப்பை நான் சொல்ல வேணாமா?"

வேலை போகவில்லை, இருவருக்கும். முறையை மட்டும் மாற்றினோம். பிடித்த தண்ணீரை மூன்று மணி நேரத்துக்குள் உப்புக் கலந்து பாட்டிலில் அடைத்துக் கொதிக்க வைத்துவிட வேண்டும், தவறினால் அது தரை கழுவத்தான். சீட்டில் உப்பின் எண்ணுக்குப் பக்கத்தில் தண்ணீரின் நேரமும் ஏறியது. கப்பல் வராததால் ஜில்லாவில் மற்ற ஆஸ்பத்திரிகளும் திண்டாடிக்கொண்டிருந்தன. எங்கள் முறையைக் கேட்டு எழுதினார்கள். உப்பை எப்படி எடுப்பது, எங்கே நிறுத்துவது, எதைக் கொட்டுவது, தண்ணீரை எப்போது பிடிப்பது என்று நாலு பக்கத்தில் எழுதினேன். எங்கள் தவறையும் ஒளிக்காமல் சேர்க்கச் சொன்னார் எஸ்தரம்மா. அந்த நாலு பக்கம் மணப்பாறை வரை போனது. அங்கிருந்த கம்பவுண்டர் ஒருவர், படித்தவுடன் ஜாடியில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டேன் என்று எனக்குக் கார்டு போட்டிருந்தார். அந்தக் கார்டு கிடைத்த அன்று எனக்கு நன்றாகச் சாப்பிட முடிந்தது.

கோமளத்தம்மாள் பத்து நாள் இருந்தார். வீட்டுக்குப் போகும் நாள் காலையில், ஐயங்கார் ஜட்காவைக் கூப்பிடப் போனபோது, அந்த அம்மாள் மெல்ல நடந்து மருந்தறை வாசலுக்கு வந்தார். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தமக்கு ஏற்றின உப்பு எப்படி இருக்கும், பார்க்கலாமா என்று கேட்டார்.

கறுப்புக் காகிதத்தில் கொஞ்சம் கொட்டி வாசற்படியில், வெளிச்சம் படும்படி வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"பெட்டி பெட்டியான்னா இருக்கு. எல்லாம் ஒரே அச்சுல வார்த்தாப்ல."

"யாரும் வார்க்கலைம்மா. அவசரப்படுத்தாம விட்டா அதுவா அப்படித்தான் சேரும். அழுக்கை உள்ள விடாது."

"எத்தனை பாட்டில் ஏத்தினேள்?"

பதினொன்று என்றேன். விரலை ஈரப்படுத்தி ஒரு கல்லை ஒற்றி எடுத்தார். ஐயங்கார் அதற்குள் திரும்பி வந்து அவர் பின்னால் நின்றிருந்தார். "கோமளம்," என்றார், தடுக்கிற குரலில்.

"பதினோரு பாட்டில் உள்ளே ஓடியிருக்கு. வாய்க்கு மட்டும் ஆகாதா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் கல்லை நாக்கில் வைத்துக்கொண்டார். ஐயங்கார் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"வெறும் உப்பு," என்றார் கோமளத்தம்மாள், கொஞ்சம் ஏமாந்தவர்போல. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினார். ஐயங்கார் பிடித்துக்கொள்ள ஓடுவதற்குள், யார் கையையும் பிடிக்காமல் ஜட்காவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.